கஸ்தூரியின் கம்ப்யூட்டருக்கு ஒரு பொட்டு

திருப்பதியிலிருந்து திரும்புகிற பஸ்ஸில், மடியில் பெரிய அட்டைப் பெட்டியோடு உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? பேச்சுத் துணைக்குப் பஞ்சமே இருக்காது. பஸ்ஸே நம்மிடம் பேசும்.

"ஏமண்டி, டிவியா?" என்றார் கண்டக்டர்.

"இல்லீங்க. கம்ப்யூட்டர் மானிட்டர்."

"அப்போ லட்டு?"

பார்த்தீர்களா! சித்தூரில் குடியிருப்பவள் தலையெழுத்து இது. திருப்பதிக்குச் செருப்பு வாங்கப் போனாலும் சரி, பல் பிடுங்கிக்கொள்ளப் போனாலும் சரி, வரும்போது கையில் லட்டு இருந்தாக வேண்டும். அந்த வியாழக்கிழமை எங்களிடம் மானிட்டர் இருந்தது, கேபினெட் இருந்தது, மதர்போர்டு இருந்தது... லட்டு மட்டும் இல்லை. சாமியே இல்லை என்று சொல்கிறவளைப் பார்ப்பதுபோல் பக்கத்து சீட் அம்மா என்னைப் பார்த்தார்.

'எங்களிடம்' என்றேனே, இன்னொருத்தி கஸ்தூரி. என் வீட்டுக்காரரின் தங்கை. நகரியில் வாழ்க்கைப்பட்டவள். அவள் புருஷன் முனுசாமி அங்கே ஒரு பவர்லூம் ஷெட்டில் தறி ஓட்டுகிறார். கஸ்தூரியோ பல வருஷமாகப் புத்தூரில் ஒரு டிசைன் சென்டருக்கு பஸ் ஏறிப் போய் வந்துகொண்டிருந்தாள். யாராவது புடவை டிசைன் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதைக் கட்டம் கட்டமாகக் கம்ப்யூட்டரில் ஏற்றி பென் டிரைவில் போட்டுக் கொடுக்க வேண்டும். பென் டிரைவைத் தறியில் செருகினால் போதும், தறி அப்படியே நெய்துவிடும்.

அந்த சென்டரை மூடிவிட்டார்கள். நடத்தியவர் நாயுடுபேட்டைப் பக்கம் வேறு தொழிலுக்குப் போய்விட்டார். நல்ல மனுஷன், போகும்போது டிசைன் சாஃப்ட்வேரைக் கஸ்தூரிக்கே கொடுத்துவிட்டார். சாஃப்ட்வேர் கையில் இருக்கிறது, போட்டுப் பார்க்கக் கம்ப்யூட்டர் இல்லை. ஊறுகாய் இருக்கிறது, சோறு இல்லை என்கிற கதை.

இந்த நேரம் பார்த்து அவள் ஒரு காரியம் செய்தாள். கிராஃப் பேப்பரில் தானே ஒரு புடவை வரைந்து, முனுசாமியின் முதலாளியிடம் கொண்டுபோய் நீட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாராம்.

"பாடி நல்லா கீது. பார்டர்தான் ஊர்ல எல்லாரும் போடற பார்டரா கீது. வேற மாதிரி பண்ணி, வெள்ளிக்கெழம சாயந்தரத்துக்குள்ள பென் டிரைவ்ல கொண்டாம்மா. சனிக்கெழம நான் சென்னைக்குப் பூடுவேன். வந்தா உன்னுதையே தறியில ஏத்தறேன். வரலைன்னா சூரத்துலேர்ந்து ரெடிமேட் டிசைன் வாங்கிடுவேன்."

அன்றைக்கே எனக்கு போன்.

"இத்தினி வருஷமா அடுத்தவங்க டிசைனத்தான் ஏத்திக்கினு இருந்தேன் அண்ணி. ஒரே ஒரு பொடவையாவது... இது நான் போட்டதுன்னு சொல்லிக் கட்டிக்கினு போவணும். எப்பிடியாவது ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் குடுங்க."

"வாங்கிடலாம். உன் வீட்டுக்காரர் என்ன சொல்றார்?"

"அவரா? ஜிமிக்கி வாங்க சீட்டு போட்டவ, இப்ப பொட்டி வாங்கப் போறாளாம்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு கீறாரு. செல்லுலயே பண்ண முடியாதான்றாரு."

என்னை ஏன் கூப்பிட்டாள் என்று கேட்பீர்கள். நான் வாரா வாரம் பத்திரிகையில் எழுதுகிறேனாம். அதனால் எனக்குக் கம்ப்யூட்டர் அத்துப்படியாம். உண்மை என்ன? இந்தப் பத்தியை நான் எழுதுவது போனில், ஒற்றை விரலால். ஆனால் ஒருத்தி நம்மை மேதாவி என்று நம்பும்போது, அந்த நம்பிக்கையைக் கெடுப்பது பாவமில்லையா?

உட்கார்ந்தேன் யூடியூபில். 'முதல் முறை கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்வது எப்படி?' ஒரு வீடியோ முடிந்தால் அடுத்தது அதுவாகவே வருகிறது, சுண்டல் மாதிரி நிறுத்தவே முடியவில்லை. சாப்பிடும்போதுகூட ப்ராசஸர், எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ் என்றே பேசினேன். என் வீட்டுக்காரர் தட்டைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டார்.

திருப்பதிக் கடையில் நுழைந்ததும் கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி: "கேமிங்கா மேடம்?"

கேட்டதோடு விடாமல் ஒரு கேபினெட்டை வேறு போட்டுக் காட்டினார். உள்ளே சிவப்பு, பச்சை, ஊதா என்று விளக்குகள் சுற்றிச் சுற்றி ஓடின.

"இன்னாங்க இது, கங்கம்மா ஜாத்திரை மாரி கீது?" என்றாள் கஸ்தூரி. "லைட்டெல்லாம் வாணாங்க. பொடவை கலரு கலராத் தெரியணும். அவ்ளோதான்."

நான் சும்மா இருப்பேனா? "நல்ல கிராபிக்ஸ் கார்டா ஒண்ணு போடுங்க" என்றேன், ரொம்பத் தெரிந்தவள்போல.

"அக்கரலேது மேடம்" என்று சிரித்தார் கடைக்காரர். "இந்த ப்ராசஸர் உள்ளயே கிராபிக்ஸ் இருக்கு. பொடவை டிசைனுக்கு அது தாராளம். தனி கார்டு எதுக்கு, தண்டம்!"

வேண்டாம் என்று சொல்கிற கடைக்காரரை நீங்கள் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? அங்கேயே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. பழைய மாதிரி ஹார்டு டிஸ்க் வேண்டாம், சின்னதாக எஸ்எஸ்டி போதும், வேகமாக இருக்கும் என்றார். எட்டு ஜிபி ரேம் ஒன்று. பக்கத்து ஸ்லாட் காலியாக இருக்கட்டும், கையில் காசு புரளும்போது இன்னொன்று மாட்டிக்கொள்ளலாம் என்றார். கரண்டு கொடுக்கிற எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டவே வேண்டாம், அது படுத்தால் மற்றதையும் சேர்த்துப் படுக்க வைத்துவிடும் என்றார். மானிட்டர், ஏதோ ஆபீசில் கழித்துக் கட்டிய செகண்ட் ஹேண்ட்.

அந்த மானிட்டரைக் கஸ்தூரி தேர்ந்தெடுத்த விதம் இருக்கிறதே! கைப்பையிலிருந்து நூல் துண்டுகளை எடுத்தாள். கத்திரிப்பூ, கிளிப்பச்சை, அரக்கு. ஸ்கிரீனில் அதே கலரைக் கொண்டுவரச் சொல்லி, நூலைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். "இதுல அரக்கு, செங்கல் மாரி கீது. வேற காட்டுங்க." அடுத்ததில் கிளிப்பச்சை சரியில்லை. அதற்கடுத்ததில்தான் அவள் முகம் மலர்ந்தது. கல்யாணப் புடவை எடுக்க வந்தவளிடம் மாட்டிக்கொண்டவர் மாதிரி கடைக்காரர் நின்றார்.

எல்லாம் எடுத்து வைத்த பிறகுதான் இடி இறங்கியது.

"அசெம்பிள் பண்ண திங்கட்கிழமை ஆகும் மேடம். முன்னாடி நாலு ஆர்டர் இருக்கு."

வெள்ளிக்கிழமை சாயந்தரம் டிசைன் போயாக வேண்டும். திங்கட்கிழமை கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு என்ன செய்வது, தயிர் கடைவதா? கஸ்தூரியின் முகம் விழுந்துபோனது. எனக்கோ, யாராவது முடியாது என்றால் வாய் தானாகத் திறந்துவிடும்.

"நாங்களே மாட்டிக்கறோம்."

கடைக்காரர் என் நரைத்த தலையைப் பார்த்தார். "மீரேனா? நீங்களேவா?"

"ஏன், நாங்க மாட்டினா மாட்டாதா?"

அந்த மனுஷன் சிரித்துக்கொண்டே தன் போன் நம்பரை எழுதிக் கொடுத்தார். விண்டோஸ் போட்ட ஒரு பென் டிரைவையும் கொடுத்தார். "எதுன்னா வீடியோ கால் பண்ணுங்க மேடம். பயப்படாதீங்க."

வெளியே வந்ததும் கஸ்தூரி என் முழங்கையைப் பிடித்தாள். "அண்ணி, நெஜமாலுமே தெரியுமா?"

"மிக்ஸி ஜார் மாட்டத் தெரியுமா உனக்கு? அவ்வளவுதான்."

மறுநாள் காலை நகரியில், கஸ்தூரி வீட்டில் கண் விழித்தபோது வீடெல்லாம் கற்பூர வாசனை. கூடத்துக்கு வந்தால், முனுசாமி தலைக்குக் குளித்து, நெற்றி நிறையப் பட்டை போட்டுக்கொண்டு நிற்கிறார். சாமி படத்துக்கு முன்னால் புதுத் துண்டு விரித்து, அதன்மேல் எங்கள் கம்ப்யூட்டர் சாமான் அத்தனையும். ஒவ்வொன்றுக்கும் குழைத்த மஞ்சள், மேலே குங்குமம். கேபினெட்டுக்கு, மானிட்டருக்கு, கீபோர்டுக்கு, மௌஸுக்குக்கூட!

தறிக்காரர் வீட்டில் ஆயுத பூஜை பார்த்தவர்களுக்கு இது புரியும். முதலாளியின் ஷெட்டில் பொட்டு வைக்கிற வேலை எப்போதும் முனுசாமியுடையது. தறிக்கு மட்டும் வைத்தால் போதாது. குறுக்கே நூல் ஓட்டுகிற நாடா, ஸ்பேனர், ஆயில் கேன், துடைக்கிற துணி மாட்டுகிற ஆணிவரை வைப்பார். ஒன்று விட்டுப்போனாலும் அது கோபித்துக்கொள்ளும் என்பது அவர் கட்சி.

"நேத்துவரைக்கும் பொட்டி பொட்டின்னு கிண்டல் பண்ணிக்கினு இருந்தாரு. இன்னிக்குப் பாருங்க அண்ணி" என்று கஸ்தூரி மெல்லச் சொன்னாள். அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கும் என்னவோ செய்தது, மறைப்பானேன்.

முனுசாமி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "பத்தரைக்கு ராவுகாலம் அக்கா. அதுக்குள்ள ஆன் பண்ணிடுங்க."

ஆரம்பித்தோம். பாயில் உட்கார்ந்து, எதிரே சொம்பின்மேல் போனைச் சாய்த்து வைத்து, வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து... மூலையில் இருக்கிற முக்கோணத்துக்கு முக்கோணம் சரிபார்த்து ப்ராசஸரை உட்கார வைத்தது கஸ்தூரி. என் கைக்கு அந்தப் பொறுமை கிடையாது. அதன் தலையில் பட்டாணி அளவு பேஸ்ட் வைத்து ஃபேனை மாட்டியதும் அவள்தான். ஸ்குரூ முடுக்குவது, வயர் செருகுவது எல்லாமே கஸ்தூரி. கட்டம் கட்டமாக வேலை பார்த்துப் பழகிய கை, எங்கேயும் பதறவில்லை.

நான்? மேற்பார்வை. நானும் ஏதாவது செய்ய வேண்டாமா என்று அந்த எட்டு ஜிபி ரேமை மட்டும் எடுத்தேன். கண்ணாடியைத் தேடினேன், காணோம். (தலைமேல் இருந்தது.) பரவாயில்லை என்று தடவித் தடவி ஸ்லாட்டில் வைத்து அழுத்தினேன். 'டக்' என்றது. வீடியோவிலும் 'டக்' என்றுதான் சொல்லும். அப்படியே பூரித்துப்போய் உட்கார்ந்தேன்.

பத்தரைக்குக் கொஞ்சம் முன்னால் எல்லாம் தயார். கஸ்தூரி சாமியைக் கும்பிட்டுவிட்டு பட்டனை அழுத்தினாள்.

ஃபேன் சுற்றியது! விளக்கு எரிந்தது! முனுசாமி கையைத் தட்டினார். மூவரும் மானிட்டரைப் பார்த்தோம்... பார்த்தோம்... பார்த்துக்கொண்டே இருந்தோம்.

கறுப்பு. அமாவாசைக் கறுப்பு.

அணைத்துப் போட்டோம். கறுப்பு. வயரைப் பிடுங்கிச் செருகினோம். கறுப்பு. பத்து விரலையும் மடக்கி வைத்துக்கொண்டு நான் வீடியோவை முதலிலிருந்து ஓட்டினேன். அதில் வருகிறவனுக்கு மட்டும் எல்லாம் எரிகிறது!

கஸ்தூரி என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. கிராஃப் பேப்பரை எடுத்து மெதுவாகச் சுருட்டினாள். "வுடுங்க அண்ணி. சூரத்து டிசைனே ஓடிட்டுப் போவட்டும்."

அந்த ஒரு வார்த்தைதான் எனக்குச் சுருக்கென்றது. போட்டேன் வீடியோ கால்.

கடைக்காரர் ஒவ்வொன்றாகக் காட்டச் சொன்னார். மதர்போர்டில் ரேம் பக்கத்தில் கடுகளவு விளக்கு ஒன்று சிவப்பாக எரிந்துகொண்டிருந்ததை அவர்தான் கண்டுபிடித்தார். "ரேம்தான் மேடம். கரண்டை ஆஃப் பண்ணி, வயரைப் பிடுங்கிட்டு, ரேமை வெளிய எடுங்க."

கஸ்தூரி எடுத்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். ரேமின் அடியில் நடுவே ஓர் இடைவெளி விட்டு, வரிசையாகத் தங்க நிறத்தில் பல் பல்லாக இருக்கும், அதுதான் ஸ்லாட்டுக்குள் போகிற இடம். அந்தத் தங்கப் பல்வரிசையின்மேல்...

"அண்ணி, இது இன்னா... மஞ்சளா?"

"மஞ்சளா? ரேம்லயா?" என்றது போன்.

மஞ்சள்தான். நன்றாகக் குழைத்து, அழகாக வைத்து, நடுவில் குங்குமமும் வைத்த மஞ்சள்.

வாசற்படியில் முனுசாமி நெளிந்தார். தறிச் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்திப் பழகிய குரல் அது, இப்போது வெளியே வரவே மாட்டேன் என்றது. "ஸ்டிக்கர் கீற எடத்துல வெச்சா எழுத்து அழிஞ்சிடுமேன்னு... அங்கதான் தங்கமா மின்னிக்கினு இருந்துச்சு. லட்சுமி மாரி. அதான் அதுக்கு மொதல்ல வெச்சேன்."

போனில் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தால், மனுஷன் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருக்கிறார். "திருப்பதியில கடை வெச்சிருக்கேன் மேடம்! கேபினெட்டுக்குப் பொட்டு பாத்திருக்கேன், பிரிண்டருக்குப் பாத்திருக்கேன். ரேமுக்கு இப்பத்தான் பாக்கறேன்!" நானும் சிரித்தேன். கஸ்தூரியும் சிரித்தாள். கடைசியில் முனுசாமியும்.

"ப்ராசஸருக்கும் வெச்சாரா?" என்று திடீரெனப் பதறினார் கடைக்காரர்.

"அது சின்னப் பொட்டில கீது, தொறக்கப் பயமா இருந்துச்சு. பொட்டி மேலயே வெச்சிட்டேன்."

"தப்பிச்சோம்! சரி, ரப்பர் இருக்கா? பென்சில் ரப்பர்?"

டிசைன் போடுகிறவள் வீட்டில் ரப்பருக்கா பஞ்சம்? ஒரு டப்பா நிறைய வைத்திருந்தாள். பாயில் சம்மணம் போட்டு, ரேமை மடியில் வைத்துக்கொண்டு, அந்தத் தங்கப் பற்களை அலுங்காமல் தேய்த்தாள் கஸ்தூரி. ஸ்லாட்டுக்குள் ஒட்டியிருந்த துணுக்கை உலர்ந்த பெயின்ட் பிரஷால் தட்டி எடுத்தாள். தேய்த்து முடித்த பிறகும் அதை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கீறல் விழுந்துவிட்டதோ என்று எனக்குப் பயம்.

"மாட்டு கஸ்தூரி, நேரமாச்சு."

"ராவுகாலம் வந்துட்ச்சு" என்றார் முனுசாமி. "பன்னெண்டுக்கு மேல போடலாம்."

கஸ்தூரி நிமிர்ந்தாள். "தறியில ராவுகாலம் பாத்தா நெய்யறே நீ? கரண்டு வந்தா ஓட்டிக்கினே கீறே இல்ல? இதுவும் தறிதான்."

முனுசாமியே கரண்டு வயரை எடுத்து நீட்டினார். "அதுவும் நாயந்தான். போடு."

போட்டாள். ஒன்றுமில்லை... ஒன்றுமில்லை... பளிச்! ஸ்கிரீன் நிறைய வெளிச்சம்!

நாங்கள் போட்ட கூச்சலில் தெருவே எட்டிப் பார்த்தது. நான் கஸ்தூரியைக் கட்டிக்கொண்டேன். முனுசாமியைக் காணோம். கொஞ்ச நேரத்தில் பஜார் கடையிலிருந்து ஒரு பொட்டலத்தோடு வந்தார். பூந்தி லட்டு.

"துன்னுங்க அக்கா. திருப்பதிலேர்ந்து வந்துக்கீது, லட்டு இல்லாம இன்னா?"

அந்தக் கண்டக்டர் பார்த்திருக்க வேண்டும்!

மதியம் விண்டோஸ் ஏறியது, டிசைன் சாஃப்ட்வேர் ஏறியது. லட்டு மயக்கத்தில் கொஞ்சம் கண்ணயர்ந்தேன். எழுந்து பார்த்தபோது ஸ்கிரீனில் அரக்குப் புடவை விரிந்திருந்தது. அதன் பார்டரைப் பார்த்தேன். வரிசையாக, நெருக்கமாக, தங்கக் கோடுகள். நடுவில் ஓர் இடைவெளி. மறுபடி தங்கக் கோடுகள். ஒவ்வோர் இடைவெளிக்கு மேலும் மஞ்சள் வட்டம் ஒன்று, அதற்குள் குங்குமச் சிவப்பில் ஒரு பொட்டு.

"தெரியுதா அண்ணி?"

தெரியாமல் என்ன? காலையில் அந்த ரேமைத்தானே முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு அப்படி உட்கார்ந்திருந்தாள்!

சாயந்தரம் புருஷனும் பெண்டாட்டியும் பைக்கில் முதலாளி வீட்டுக்குப் போனார்கள். பென் டிரைவை முனுசாமி கையில் அவள் கொடுக்கவே இல்லை, போகிற வழியில் எங்கே பொட்டு வைத்துவிடுவாரோ என்று. நான் வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தேன். பைக் சத்தம் கேட்டதும் ஓடினேன். முனுசாமிதான் முதலில் இறங்கினார்.

"எடுத்துக்கினாரு அக்கா! இந்த மாரி பார்டர் எங்க பாத்தேம்மான்னு கேட்டாரு. எங்க வூட்லதான்னு சொல்லிச்சு இது. என் தறியிலயேதான் ஏத்தப் போறாரு. நானே நெய்யப் போறேன்!"

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர்களுக்கு நான் கண்ட ஞானத்தைச் சொல்லிவிடுகிறேன். என்ன வேலைக்கு என்பது தெரிந்தால் போதும், பாதிப் பொருள் தானாகவே வேண்டாததாகிவிடும். மீதியை மாட்டுவதற்கு நிதானமான கை ஒன்று வேண்டும், சிரிக்கத் தெரிந்த கடைக்காரர் ஒருவர் வேண்டும். பொட்டு தாராளமாக வையுங்கள். மின்னுகிற இடத்தில் மட்டும் வேண்டாம்.

போன ஞாயிற்றுக்கிழமை பங்காருபாளையத்தில் ஒரு மாங்காய் மண்டிக்காரர் வீட்டுக் கல்யாணம். கஸ்தூரி அந்த அரக்குப் புடவையில் வந்திருந்தாள். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, இலையை விட்டுவிட்டு அவள் முந்தானையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் கையை நீட்டித் தொட்டே பார்த்துவிட்டார்.

"பார்டர் பாகுந்தேம்மா! காஞ்சிபுரமா?"

"இல்லீங்க, நகரி. நான் போட்ட டிசைனு" என்றாள் கஸ்தூரி, பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி.

"அப்படியா! மாங்கா பார்டர், கோபுர பார்டர் தெரியும். இதுக்கு என்ன பேரு?"

கஸ்தூரி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அந்த அம்மா பக்கம் திரும்பி, முகத்தில் சிரிப்பே காட்டாமல் சொன்னாள்:

"எட்டு ஜிபி."